கைபேசி விளையாட்டும் நம்மில் பன்னிரண்டு பேரும்

சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பின்னால் தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் காத்திருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் என்னிடம் அடிக்கடி இரண்டு கேள்விகள் வருகின்றன. தாத்தா பாட்டிகள் கேட்பது: "பேரன் போனைக் கொடுன்னு அடம் பிடிக்கிறான். எந்த கேமைப் போட்டுக் கொடுக்கலாம்?" பெற்றோர் கேட்பது: "பிள்ளை கேம் செய்யக் கத்துக்கிறேன்னு சொல்லுது. அதெல்லாம் பிழைப்புக்கு ஆகுமா?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன். பணம் கேட்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

முதலில் ஒன்று. விளையாட்டு என்றாலே கெட்டது என்று நாம் பேசக்கூடாது. இங்கிருந்து சிறிது தூரத்தில்தான் கீழடி இருக்கிறது. அங்கே தோண்டியபோது பானை ஓடுகளோடு பகடைக்காய்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வைகைக் கரையில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் ஆடவும் செய்திருக்கிறார்கள். தாயம், பல்லாங்குழி, ஆடு புலி எல்லாம் நம் வீட்டுத் திண்ணையில் இருந்தவை. திண்ணை போய் அபார்ட்மெண்ட் வந்தது, ஆட்டம் போனுக்குள் போய்விட்டது. 1997-இல் நோக்கியா 6110-இல் வந்த பாம்பு விளையாட்டை இங்கே பல பேர் ஆடியிருப்பீர்கள். அது உங்களிடம் ஒரு பைசா கேட்டதில்லை, விளம்பரம் காட்டியதில்லை. இன்றைய போனில் வரும் ஆட்டங்கள் அப்படியல்ல.

வங்கியில் கடன் விண்ணப்பம் வந்தால் முதலில் பார்ப்பது வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். கேமுக்கும் அதே கேள்வியைப் போடுங்கள். இலவசம் என்று எழுதியிருக்கிறதே, இதைச் செய்தவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? பதில் ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவது. 2014-இல் வந்த மானுமெண்ட் வேலி இந்த வகை. வாங்கினால் விஷயம் முடிந்தது. இரண்டு, நன்கொடை. லிச்செஸ் என்ற சதுரங்கச் செயலி 2010-இலிருந்து இப்படித்தான் நடக்கிறது. விளம்பரமே கிடையாது. உலகத்தில் யாரோடும் ஆடலாம், கணினியோடும் ஆடலாம். ஆனந்த், குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி என்று பெயர் சொல்லி வளரும் ஊரில், பிள்ளைக்குப் போடுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. சைமன் டாதம் என்பவரின் புதிர்த் தொகுப்பும் அப்படியே. கிட்டத்தட்ட நாற்பது புதிர்கள் இருக்கின்றன. நெட் தேவையில்லை, விளம்பரம் இல்லை. காலை நடை முடித்துப் பெஞ்சில் உட்காரும் நம் வயதுக்காரர்களுக்கு ஏற்றது.

மூன்று, விளம்பரம். லூடோ கிங்கைப் பாருங்கள். மும்பைப் பக்கம் விகாஷ் ஜெய்ஸ்வால் என்பவர் தொடங்கிய நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. கொரோனா ஊரடங்கில் நாடு முழுக்க ஆடினார்கள். விளம்பரம் வருவது குற்றமில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் விரல் எந்த விளம்பரத்தில் படும் என்று யாருக்குத் தெரியும்? நான்கு, ஆட்டத்துக்குள்ளேயே கடை. நாணயம் வாங்கு, உயிர் வாங்கு, உடை வாங்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பையன் தோற்கும் நேரம் பார்த்துக் கேட்கும். அந்த நேரம் தற்செயலாக அமைவதில்லை.

ஐந்தாவது, ஆடுபவர்களே பணம் கட்டி ஆடுவது. இதற்குப் பிறகு வருகிறேன்.

இது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ப்ளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் "கண்டெய்ன்ஸ் ஆட்ஸ்", "இன்-ஆப் பர்ச்சேஸஸ்" என்று இருக்கும். முதலாவது விளம்பரம், இரண்டாவது உள்கடை. "அபவுட் திஸ் கேம்" என்ற இடத்தைத் தொட்டுக் கீழே போனால், உள்ளே விற்கும் பொருளின் விலை எத்தனை ரூபாயிலிருந்து எத்தனை ரூபாய் வரை என்று போட்டிருக்கும். மேல் எல்லை சில ஆயிரமாக இருந்தால், குழந்தைக் கேம் என்று படம் போட்டிருந்தாலும் தள்ளி வையுங்கள். எந்த வயதுக்கானது என்பதும் அங்கேயே இருக்கும். ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் படிக்க வேண்டாம். ஒன்றும் இரண்டும் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இறக்கியபின் இரண்டு சோதனை. கேரம் ஆட்டம் உங்கள் காண்டாக்ட்ஸையும் எஸ்எம்எஸ்ஸையும் பார்க்க அனுமதி கேட்டால் எதற்கு என்று யோசியுங்கள். ஸ்ட்ரைக்கரைத் தள்ள ஓடிபி எதற்கு? அடுத்து, நெட்டை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். தனியாக ஆடும் புதிர் நெட் இல்லாமல் நின்றுபோனால், அது உங்களை ஆட வைக்க மட்டும் வரவில்லை.

இன்னொரு காரியம் இன்றே செய்யுங்கள். ப்ளே ஸ்டோரில் மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ் போனால், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி வைக்கலாம். மீறி ஏதாவது வாங்கப்பட்டுவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகு கேமைச் செய்தவரிடம்தான் போய் நிற்க வேண்டும். யுபிஐ பின்னைப் பேரனிடம் சொல்லாதீர்கள். அவன் கெட்டிக்காரன் என்பதால்தான் சொல்கிறேன்.

இப்போது பணம் கட்டி ஆடும் ஆட்டம். தமிழ்நாட்டில் இதனால் குடும்பங்கள் கடனில் விழுந்தன, உயிர்களும் போயின. முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022-இல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லித் தடையிலிருந்து விலக்கியது. பிறகு 2025-இல் மாநில விதிகள் வந்தன. இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கையே ஓரம் கட்டியது. ஆன்லைனில் பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடினால் அது பண ஆட்டம், அதை நடத்துவது குற்றம். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை.

பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் ஆசை நிற்கவில்லை. ஆகவே வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் லிங்க் வருகிறது. ப்ளே ஸ்டோரில் இல்லாத செயலியை ஃபைலாக அனுப்பி, முதலில் 200 ரூபாய் ஜெயிக்க வைத்துப் பிறகு வாரிக்கொண்டு போவார்கள். அந்த லிங்கைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வீட்டில் இருப்பவர்களும் அந்த நேரத்தில் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் மறைத்து, இன்னும் ஆழத்துக்குப் போகிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. செய்வது எப்படி, பிழைப்புக்கு ஆகுமா?

கேம் என்றால் அமெரிக்காவில் ஆயிரம் பேர் உட்கார்ந்து செய்வது என்று நினைக்க வேண்டாம். ஃப்ளாப்பி பேர்ட் என்று 2013-இல் ஒன்று வந்தது. வியட்நாமில் டோங் ங்குயென் என்ற ஒரே ஆள் செய்தது. உலகமே ஆடியது. மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லி, 2014 பிப்ரவரியில் அவரே எடுத்தும் விட்டார். வருமானத்தை விட மனசாட்சியைப் பெரிதாக வைத்த ஆள்.

கருவிகளும் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச். வண்ணக் கட்டைகளை அடுக்குவது போலச் செய்யலாம். பெரிய பிள்ளைகளுக்கு கோடோ என்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, நாளை நீங்கள் சம்பாதித்தாலும் பங்கு கேட்காது.

வேலை எப்படி நடக்கிறது என்று ஆடு புலி ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. கணினிக்குப் படம் தெரியாது, பேரேடுதான் தெரியும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு போகிறது என்று முதலில் ஓர் அட்டவணை. எந்தப் புள்ளியில் இப்போது யார் நிற்கிறார் என்று இன்னோர் அட்டவணை. பிறகு விதிகள். புலி பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம். பக்கத்தில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும் வரை ஆடு நகரக்கூடாது. மூன்று புலிக்கும் போக இடமில்லை என்றால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். இவ்வளவுதான். பற்று வரவு எழுதத் தெரிந்தவருக்கு இதன் எலும்புக்கூடு புரியும். கஷ்டம் அதற்குப் பிறகு வருகிறது: விரல் பட்டால் சரியாக நகர வேண்டும், பழைய போனிலும் திக்காமல் ஓட வேண்டும், எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வெளியிடும் செலவு அதிகமில்லை. கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். விற்பனை வந்தால், ஆண்டுக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரை கூகுளின் பங்கு 15 சதவீதம். கணக்குத் தொடங்க 18 வயது வேண்டும், அடையாளச் சான்று வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: சொந்தப் பெயரில் கணக்கு வைத்து, செயலியில் வருமானமும் பார்த்தால், முழு முகவரியும் ப்ளே ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளை உள்ள வீடுகள் இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, "உன் டெவலப்பர் கணக்கை வாடகைக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று யாராவது வந்தால் துரத்துங்கள். வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவதும் இதுவும் ஒன்றுதான். மோசடி அவன் செய்வான், பெயர் உங்கள் பிள்ளையுடையதாக இருக்கும்.

பிழைப்புக்கு ஆகுமா என்றால், முதல் கேமை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கடையில் கேம்கள் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலானவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு கேமை முழுதாகச் செய்து முடித்து வெளியிட்ட பிள்ளை, நேர்காணலில் அதைத் திறந்து காட்டலாம். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி பூங்கா இருக்கிற ஊர் இது. செய்து முடித்த வேலைக்கு மதிப்பு உண்டு.

இப்போது உதவி. நம் சி பிளாக்கில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், ஆடு புலி ஆட்டத்தைத் தமிழில் செய்து வைத்திருக்கிறாள். விளம்பரம் இல்லை, உள்கடை இல்லை. பெற்றோர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் வெளியிட முடியவில்லை. 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் ஒரு விதி வைத்திருக்கிறது. குறைந்தது 12 பேர், தொடர்ச்சியாக 14 நாள், சோதனையாளர்களாக இருக்க வேண்டும். முன்பு 20 பேர் என்றிருந்தது, 2024 கடைசியில் 12 ஆக்கினார்கள். அவள் வகுப்பு நண்பர்கள் 12 பேரைச் சேர்த்தாள். ஒன்பதாம் நாள் பரீட்சை என்று இரண்டு பேர் விலகினார்கள். எண்ணிக்கை பத்தாகிவிட்டது, அவள் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இணையத்தில் காசுக்கு ஆள் சேர்த்துத் தருகிறோம் என்று பேசியவர்களை அவள் ஒதுக்கிவிட்டாள். சரியான முடிவு.

நம்மிடம் ஆள் இருக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் ஜிமெயில் முகவரியை அவளிடம் கொடுங்கள், கடவுச்சொல்லை அல்ல. அவள் அனுப்பும் இணைப்பு உங்களை ப்ளே ஸ்டோருக்கே கொண்டுபோகும். வேறெங்காவது போனால் தொடாதீர்கள், இந்த எச்சரிக்கை நம் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். சோதனையில் சேர்ந்து, இறக்கி, தினம் ஒரு ஆட்டம் ஆடுங்கள். 14 நாள் முடியும் வரை விலகாதீர்கள். குறை இருந்தால் "சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த போன், என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, இந்த நான்கையும் எழுதுங்கள். நம் வயதுக்காரர்களின் பழைய போனும் மூக்குக்கண்ணாடியும் இதற்கு ரொம்ப உபயோகம். அவள் நண்பர்கள் யாரும் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சொல்லவே இல்லையாம்.

செயலாளர் அறையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். 12 வரிசை போட்டு, இடையில் யாருக்காவது ஊருக்குப் போக வேண்டிவந்தால் என்று இன்னும் 5 சேர்த்திருக்கிறேன். முதல் வரிசையில் என் பெயர் இருக்கிறது. சின்ன வயதில் புலியாகவே ஆடியவர்கள் இந்த முறை ஆட்டுப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள், கஷ்டம் தெரியும்.

தண்ணீர் லாரிக் கணக்குக்கு வழி விடுகிறேன்.