மேலமலையில் ஒரு மார்கழி உச்சி

மார்கழி பிறந்து ஐந்தாறு நாளில், டிசம்பர் 21 அல்லது 22 வாக்கில், புதுக்கோட்டைப் பக்கம் போக வாய்த்தால் நார்த்தாமலைக்குப் போங்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் வந்து உள்ளே திரும்ப வேண்டும். மழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும். அங்குள்ள மேலமலைப் பாறை காலைச் சுடாது. சித்திரையில் அதே பாறையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

மேலே விஜயாலய சோழீச்சரம், 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி. பெயர்தான் சோழன் பெயர். கட்டியவர் முத்தரையர் தலைவர் ஒருவர். மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. மேற்கு பார்த்த சன்னதி, உள்ளே வட்டக் கருவறை. சுற்றியிருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறுதான் மிச்சம். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகள். ஒன்றில் பன்னிரண்டு திருமால் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவசரப்படாமல் பாருங்கள்.

ஆனால் நான் உங்களை இந்த நாளில் வரச்சொல்வது உச்சிவெயிலுக்காக. பன்னிரண்டேகால் மணி வாக்கில் மூன்றடிக் கோல் ஒன்றை நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டடி நிழல் நேர் வடக்கே விழும். ஆண்டிலேயே நீளமான உச்சி நிழல் அதுதான். சித்திரை பிறந்த சில நாளில் அதே கோலுக்கு உச்சியில் நிழலே இருக்காது. ஆனியில் நிழல் தெற்கே சாயும். மார்கழியின் இந்த நாளில் பகல் பதினொன்றரை மணி நேரம். லண்டனில் எட்டு மணி நேரம்கூட இராது. அங்கே அந்த நாளைத் தவறவிட முடியாது. நமக்கோ கோல் பிடித்தால்தான் தெரிகிறது.

கதிரவன் வடக்கே திரும்புவது அன்றைக்கு. நாம் பொங்கல் வைப்பதோ தை முதல் நாளில். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாளாக விலகி, இப்போது 24 நாள் இடைவெளி. இந்தக் கோயில் எழுந்த காலத்திலேயே ஒரு வாரம் போல விலகியிருக்கும். பஞ்சாங்கம் தப்பு என்று இதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மார்கழி ஆறாம் தேதி நெல் இன்னும் வயலில் நிற்கிறது. எந்தப் புது அரிசியைப் பானையில் போடுவது?

இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். ஜனவரித் தொடக்கம்வரை இந்தப் பக்கம் தங்க முடிந்தால் கந்தர்வகோட்டை வட்டாரத்துத் தச்சன்குறிச்சியையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக அங்கேதான் நடக்கும். அந்த ஊர் வாடிவாசல் தை பிறக்கும்வரை காத்திருப்பதில்லை.