எத்தனை மணிக்கு எழும்புவது?



மன்னார்த் தீவின் மணலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கர நாற்காலியின் முன்சில்லு அதில் புதைந்தால், இன்னொருவர் வந்து தூக்கித்தான் விடவேண்டும். நாற்காலி வழங்கும் நாளில் படம் எடுத்துக்கொள்கிறோம். படலையிலிருந்து தார் வீதி வரை கிடக்கும் மணலைப் பற்றி அன்று யாரும் கேட்பதில்லை.

போரின் ஷெல்லடியிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், மூளைவாதத்தோடு பிறந்த பிள்ளைகள், நீரிழிவால் பாதம் போன முதியவர்கள் இருக்கிறார்கள். தாய் விடியப்புறம் கருவாடு காயவைக்கப் போகிறவள் என்றால், நடக்க முடியாத மகள் நாலு மணிக்கே எழும்ப வேண்டும். தவறினால் தாய் திரும்பிவரும் வரை பாயிலேயே கிடக்க வேண்டும். முப்பது வயது வந்த பெண்ணுக்கும் மலசலகூடம் போகும் நேரத்தை வேறொருவரின் வேலைதான் தீர்மானிக்கிறது. அந்தத் தாய்மாரின் கேள்வி ஒன்றே: “எனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பாப்பினம்?”

இலங்கையில் 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வேலை, கல்வி, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்றது. 1992இல் ஓடும் காரின்மேல் மரம் விழுந்து நடக்க முடியாமற்போன கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போனார். புதிய பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் முதலிய வசதிகள் கட்டாயம் எனக் கட்டளை பெற்றார். அவர் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் சாய்தளம் இருப்பது பிரதேச செயலக வாசலில். பாயிலிருந்து அதுவரை கொண்டுவர ஒரு கை வேண்டுமே!

அதே 1996இல் பிரித்தானியப் பாராளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றியது. அதன்படி, பராமரிப்புக்கான பணத்தை உரியவரிடமே கொடுக்கலாம். உதவியாளரை அவரே அமர்த்திக்கொள்ளலாம். இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் கலிபோர்னியாவின் எட் றொபேர்ட்ஸ். போலியோவால் கழுத்துக்குக் கீழே அநேகமாக அசைய முடியாத அவர், 1972இல் தோழர்களோடு பேர்க்லியில் சுயாதீன வாழ்வு நிலையம் தொடங்கினார். தன் காரியத்தைத் தானே தீர்மானிப்பதுதான் சுயாதீனம் என்பது அவர் கொள்கை. சட்டையை யார் மாட்டிவிட்டால் என்ன?

2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, தனிப்பட்ட உதவியாளரின் சேவையையும் உரிமையாகவே சொல்கிறது. ஆனால் நமக்கிருப்பது வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு. 2025இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. அதைச் சிறிதென்று பழிக்கமாட்டேன். அது அரிசிக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது. உதவியாளருக்குக் கூலி கொடுக்க மிஞ்சுவதில்லை.

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளின் சமூக சேவை உத்தியோகத்தர்களை வேண்டுகிறேன்: ஒருவரின் வீட்டுக்குப் போனால், எத்தனை மணிக்கு எழும்ப விருப்பம், யார் தூக்கிவிட வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். நாற்காலி வழங்கும் அறக்கட்டளையாரே, அடுத்த ஆண்டு நாற்காலிகளைக் குறைத்து, இரண்டு உதவியாளர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுங்கள். வேலை தேடும் பெண்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. யாரை அமர்த்துவது என்பதை மட்டும் உதவி பெறுபவரிடமே விட்டுவிடுங்கள்.