பட்டா யார் பெயரில்?



இயேசுவிடம் ஓடிவந்து முழந்தாளிட்ட பணக்கார இளைஞனைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை கேட்கிறோம். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் முகம் வாடிப் போய்விட்டான். அவனை நாம் ஏசுகிறோம். நான் சொல்கிறேன், அவன் நேர்மையானவன்! விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வைத்துக்கொள்ளும் வித்தை அவனுக்குத் தெரியாது. திருச்சபை அதைக் கற்றுக்கொண்டது.

அசிசி நகரத் துணி வணிகரின் மகன் பிரான்சிஸ், ஆயர் முன்னிலையில் உடுத்திய துணியையும் கழற்றித் தகப்பனிடம் கொடுத்தவர். தம் சபையார் காசைத் தொடவே கூடாது என்றவர். வறுமைக்கு ஒவ்வாத கோயிலோ வீடோ கட்டித்தந்தால் ஏற்காதீர்கள், என் சொற்களுக்கு விளக்கவுரை எழுதாதீர்கள் என்று சாகுமுன் சாசனம் எழுதிவைத்தார். இறந்தது 1226-இல். 1228-இல் அவர் பெயராலேயே பெருங்கோயிலுக்கு அடிக்கல்! 1230-இல் திருத்தந்தை 9-ஆம் கிரகோரி, அந்தச் சாசனம் சபையாரைக் கட்டுப்படுத்தாது என்றார். காசைத் துறவி தொட வேண்டாமாம், அவருக்காக வேறொருவர் வைத்திருக்கலாமாம்! 1279-இல் திருத்தந்தை 3-ஆம் நிக்கோலாஸ், சபையின் சொத்து திருத்தந்தையுடையது, துறவிகள் பயன்படுத்தலாம் என்று உறுதிசெய்தார். பட்டா ஒருவர் பெயரில், அனுபோகம் இன்னொருவர் கையில்.

தானியக் களஞ்சியம் வேண்டாம், எங்கள் குட்டை அங்கி போதும் என்று அடம்பிடித்த துறவிகளும் பிரான்சிஸின் சபையில் இருந்தார்கள். திருத்தந்தைக்குப் பணியவில்லை என்று அவர்களில் நால்வரை 1318-இல் மார்செய் நகரில் உயிரோடு எரித்தார்கள். வறுமையைக் கைவிட மாட்டோம் என்றவர்களை, ஐயா! 1323-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான், கிறிஸ்துவும் திருத்தூதர்களும் எதையுமே உடைமையாகக் கொள்ளவில்லை என்று சாதிப்பது தப்பறை என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நிலம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். செசரியாவின் பசிலியார் பஞ்சத்தில் பரம்பரைச் சொத்தை விற்றுச் சோறு போட்டவர். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் விடுதி கட்டியவர். அந்தக் கட்டடத்தை யார் குறை சொல்வார்? எனக்குக் கோபம், ஆண்டவர் சொத்து என்று வேலியடித்து, ஆண்டவரின் ஏழைகளை வெளியே நிறுத்துவதில்தான்.

அடுத்த கோபுரத்துக்கு வசூல் தொடங்குமுன், உங்கள் பங்கின் நிலக்கணக்கை ஞாயிறு பூசையில் எல்லார் காதிலும் விழ வாசியுங்கள். சும்மா கிடக்கும் நிலத்தில் வீடற்ற குடும்பங்களுக்கு மனை ஒதுக்கத் தீர்மானம் போடுங்கள். பட்டாவை அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள்!