வாங்காமல் விட்ட வரி
(மாதனூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலாற்றங்கரையிலே நின்று பாலாற்றைப் பற்றிப் பேசுவது எளிது. நான் பேச வந்தது பணத்தைப் பற்றி. அரசு நம்மிடம் வாங்கும் பணம், அரசு செலவிடும் பணம், வாங்க வேண்டிய இடத்திலே வாங்காமல் விட்ட பணம் ஆகிய மூன்றையும் பற்றி. மூன்றாவதைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்லப் போகிறேன். ஏனெனில், அந்த வரியைக் குறித்து எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை.

"வரி கட்டுபவன் பணக்காரன், நமக்கென்ன?" என்று எண்ணுகிற தோழர் இந்தக் கூட்டத்திலே இருக்கக்கூடும். துணி வெளுக்கும் சோப்பிலே வரி. பிள்ளைக்கு வாங்கும் பென்சில் பெட்டியிலே வரி. காலிலே போடும் செருப்பிலே வரி. பகலெல்லாம் தொழிற்சாலையிலே அமர்ந்து காலணி தைக்கும் தாய், மாலையிலே தன் பிள்ளைக்குக் காலணி வாங்கினால், அவளும் வரி செலுத்துகிறாள். வருமான வரி ஆளைப் பார்க்கும், வருவாயைப் பார்க்கும். விற்பனையின் மீது விழும் வரியோ முகம் பார்ப்பதில்லை. மாளிகைவாசிக்கும் ஒரே விகிதம், மண்குடிசைவாசிக்கும் ஒரே விகிதம்!

இந்தப் பொது விற்பனை வரி இந்தியாவிலே முதன்முதல் பிறந்த இடம் எது? நமது சென்னை மாகாணம்! 1937-இல் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு தொடங்கிற்று. கள்ளும் சாராயமும் தந்த வருமானம் குறைந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் இராஜாஜி அமைச்சரவை விற்பனை வரியைக் கொண்டுவந்தது. காலம் மாறிற்று, மதுவிலக்குப் போயிற்று, 2003 முதல் மதுவை அரசே கடை வைத்து விற்கிறது. வரியோ, பெயரை மாற்றிக்கொண்டு, 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியாகி நிலைத்துவிட்டது. பள்ளம் போனது, பள்ளத்தை நிரப்ப வந்தது போகவில்லை.

மறுபக்கம் பாருங்கள். 1956-இல் கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டார் இந்திய அரசுக்கு ஆலோசனை கூற வந்தார். உடையவனிடம் நேராக வாங்குங்கள் என்பது அவர் உரையின் சாரம். 1957-இல், டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது, செல்வ வரியும் செலவு வரியும் விதிக்கப்பட்டன. செலவு வரி பத்தாண்டு நிலைக்கவில்லை. செல்வ வரி 2015 வரவு செலவுத் திட்டத்திலே கைவிடப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் என்ன? வசூலிக்க ஆகும் செலவு மிகுதி, கிடைக்கும் தொகை குறைவு என்பது! சோப்புக்கட்டியிலே வரி வாங்க வழி தெரிந்த நாட்டுக்கு, செல்வக் குவியலிலே வரி வாங்க வழி தெரியவில்லை. 1963-இல் கால்டார் எழுதிய ஒரு கட்டுரைக்கு, வளர்ச்சி குன்றிய நாடுகள் வரி விதிக்கக் கற்குமா என்ற கேள்வியையே தலைப்பாக இட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி டில்லிக்குப் போகவேண்டாம். மாதனூரிலேயே இருக்கிறது.

ஆவாரம் பட்டையிலே தோல் பதனிட்ட காலம் ஒன்று உண்டு. 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதை நடுவண் அரசு கட்டுப்படுத்திற்று. முடித்த தோலும் காலணியும் அனுப்புவோருக்கு ஊக்கம் தந்தது. நாட்டுக்கு அன்னியச் செலாவணி வேண்டியிருந்தது, வந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு வேலை வந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால், அதனோடு குரோமியமும் உப்பும் வந்தன. ஒரு கிலோ தோல் முடிவதற்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவு. அந்தத் தண்ணீர் கழிவாகி எங்கே போயிற்று? வாணியம்பாடியும் ஆம்பூரும் நமக்கு மேற்கே. ஆறு வருவது கிழக்கே. விளக்கம் வேண்டுமோ?

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாகவோ முழுமையாகவோ, பயிருக்கு ஏற்றதல்லாமற் போயிற்று என்ற ஆய்வுச் செய்தி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அன்று உறுதிபெற்றது. உலகம் படிக்கும் சட்டப் புத்தகத்திலே நம் வேலூரின் பெயர் ஏறிற்று!

பெயர் ஏறிற்று, பணம் இறங்கிற்றா? இழப்பை அளந்த ஆணையம் 2001 மார்ச் 7-இல் கணக்குத் தந்தது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். 547 தொழிற்சாலைகள் தரவேண்டிய தொகை 26 கோடியே 82 லட்சம். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். செத்த நிலத்துக்கு அதுவா விலை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதற்குப் பின்னும் 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது: இதுவரை கொடுபடாத இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் மாநில அரசு கொடுத்துவிட வேண்டும், பின்னர் அதை மாசு செய்தவரிடம் வசூலிக்க வேண்டும் என்று! வழக்குத் தொடுத்த ஆண்டிலே பிறந்த பிள்ளைக்கு அன்று வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் நான் சொல்லவந்த கருத்து இருக்கிறது. அரசு முன்பணம் தருகிறதென்றால், அது யாருடைய பணம்? சோப்பிலும் செருப்பிலும் நாம் தந்த பணம். அதைத் திரும்ப வசூலித்தால், அது நீதி. வசூலிக்காமல் விட்டால், கிணறு கெட்டவனே தன் கிணற்றுக்குத் தானே இழப்பீடு கொடுத்துக்கொண்டான் என்பதே பொருள்! அதற்குமுன் ஒவ்வொரு நாளும் குடிதண்ணீருக்கு அவன் கேன் வாங்குகிறானே, அதுவும் வரிதான். சட்டமன்றம் விதிக்காத வரி.

இலஞ்சம் என்றால், மேசைக்கடியிலே கைமாறும் நோட்டு மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. நம் நாட்டவரான கே. சந்தானம் தலைமையிலே 1962-இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழு, காரியம் விரைவதற்காகத் தரப்படும் பணத்தைப் பற்றி விரிவாக எழுதிற்று. அதன் பயனாக 1964-இல் நடுவண் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. நல்லது. ஆனால், விரைவுக்குக் கைக்கூலி உண்டென்றால், தாமதத்துக்கு இல்லையா? கோப்பு நகர்வதற்குப் பணம் தருபவன் ஏழை. கோப்பு நகராதிருந்தால் பயன் பெறுபவன் செல்வன். வாங்கியவனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டவனைப் பிடிக்க எந்தப் பொறியும் இல்லை.

செலவின் கதையும் இதுவே. மானியம் தந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. கட்டியதோடு கடமை முடிந்ததா? 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டை சிட்கோவில் அத்தகைய நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. அருகிலிருந்த தொழிற்சாலையிலே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவோர் திறப்பு விழாவிலே தெரிவர். கண்காணிக்கப் பணம் ஒதுக்குவோருக்கு மாலை விழுவதில்லை. அதனால்தான் அது ஒதுக்கப்படுவதில்லையோ?

"கெடுபிடி செய்தால் தொழில் ஓடிவிடும், வேலை போய்விடும்" என்பார்கள். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். இந்த ஊரில் ஒரே வீட்டிலே அண்ணன் தோல் தொழிலாளி, தம்பி தென்னை கருகிய உழவன். ஒருவன் வாழ மற்றவன் சாகவேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: கழிவைச் சுத்தம் செய்ய ஒரு முதலாளி செலவழிக்கிறார், மற்றொருவர் இரவிலே ஆற்றில் விடுகிறார். இருவரையும் ஒன்றாக நடத்தினால், சந்தையிலே தோற்பவர் யார்? நேர்மையானவர்! எல்லாரிடமும் ஒரே அளவாக, தவறாமல் வாங்குவது தொழிலுக்குப் பகையன்று. நேர்மையான தொழிலுக்கு அதுவே காவல்.

ஆகவே, தோழரே, கூட்டம் முடிந்து வீடு திரும்பும் உமக்கு ஒரு வேலை தருகிறேன். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் முதல் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து மூன்று கேள்வி கேளும். நம் ஊரிலே இழப்பீட்டுப் பட்டியலில் உள்ளோர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர்? தரவேண்டியவரிடம் வசூலானது எவ்வளவு, நிலுவை எவ்வளவு? சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீரின் சோதனை முடிவு என்ன? வாய்மொழியாகப் பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுத்திலே கேளும். விடையைச் சுவரிலே எழுதி வையும். நம் கட்சிக்காரர் பொறுப்பிலே இருந்தாலும் கேளும். அவரிடம் முதலில் கேளும்.

சேர்த்த பொருளைப் பகுத்துச் செலவிடுவதையும் அரசின் கடமையாக வள்ளுவர் வைத்தார். பகுப்பதற்கு முன், சேர்க்க வேண்டிய இடத்திலே சேர்க்க வேண்டும். செருப்பு வாங்கும் தாயிடம் தயங்காமல் நீளும் கை, ஆற்றைக் கெடுத்தவனிடமும் தயங்காமல் நீளட்டும். அதுவரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.