அங்காடித் தெருவில் அண்டை மொழி

 

சப்பான் நாட்டில் மொழியறியாதவரும் பசியாறலாம். உணவகங்கள் பலவற்றின் முகப்பில், பண்டங்களைப் போலவே வார்த்த மாதிரிகளை வைத்திருப்பர். ஒன்றைச் சுட்டிக் 'கொரே குதசாய்' என்றால், 'இதைத் தாருங்கள்' என்று பொருள். அவ்வளவே போதும்.

பெங்களூரில் வாழும் நமக்கு அத்துணை இடரும் இல்லை. விசுவேசுவரபுரத்துத் 'திண்டி பீதி'க்குச் சென்று பாருங்கள். பெயர் கேட்டு அஞ்சவேண்டா! திண்டி என்பது தின்பண்டம். பீதி என்பது வீதி. நம் வகரம் அங்கே பல சொற்களில் பகரமாகும்: வெண்ணெய் 'பெண்ணெ', வெல்லம் 'பெல்ல'. நம் பகரமோ ஹகரமாகும்: பால் 'ஹாலு', புளி 'ஹுளி', போளி 'ஹோளிகெ'. 'பேகு' என்றால் வேண்டும். 'பேட' என்றால் வேண்டா. 'சாகு' என்றால் போதும். 'எஷ்டு' என்றால் எவ்வளவு.

ஒன்றை மட்டும் கருத்திற் கொள்க. 'கொடு' என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல். ஆயினும் முதியவரைப் பார்த்துக் 'கொடு' என்பது அங்கும் மரியாதைக் குறைவே. 'ஒந்து தோசெ கொடி' என்று கேளுங்கள். அந்தக் 'கொடி'தான் நம் 'கொடுங்கள்'.

"கடைக்காரரே தமிழ் பேசுகின்றாரே, நமக்கேன் இத்தொல்லை?" என்று சிலர் வினவலாம். அவர் நம் மொழியில் விடை கூறுவது அவர்தம் பண்பு. நம் உரிமை அன்று.

1991-இல் காவிரியின் பொருட்டு இந்நகரில் மூண்ட கலவரத்தை மூத்தோர் மறந்திலர். அவ்வாண்டு அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. சிலைகள் திறப்பதற்கு அரசுகள் இசையவேண்டும். தோசைக்கல்லருகே நின்று ஓர் இன்சொல் கூறுவதற்கு யார் இசைவு வேண்டும்?

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், கன்னடத்தில் எழுதி 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்றார். நாம் காவியம் எழுதவேண்டா. சிற்றுண்டி கேட்கவேனும் கற்போம். வீட்டில் தமிழ் வளர்ப்போம்; வீதியில் கன்னடம் பழகுவோம். ஒன்று மற்றொன்றைக் குறைக்காது.