பூட்டு வெளியே, திறப்பு உள்ளே

பாஞ்சாலங்குறிச்சி, கோவில்பட்டிப் பக்கம் புதுசா குடோன் கட்டுறவங்க, பூட்டு வாங்கும்போது திருடனைத்தான் நினைப்பாங்க. ராத்திரிக்குத் திண்டுக்கல் பூட்டு தொங்கட்டும். 2019-ல புவிசார் குறியீடு வாங்குன பூட்டாச்சே! உள்ளே ஆள் இருக்கும்போது மட்டும் வேண்டாம். 1911-ல நியூயார்க் டிரையாங்கிள் சட்டை ஆலையில தீப்பிடிச்சப்போ, ஒரு வாசல் பூட்டிக் கிடந்துச்சு. மொத்தம் 146 பேர் செத்தாங்க.

பூட்டாத கதவும் உள்ளேருந்து சட்டுனு திறக்கணும். நம்ம தீப்பெட்டி ஆபீஸையே எடுத்துக்குங்க. மருந்து ஒட்டுன கையால உருண்டைக் குமிழைத் திருகுனா வழுக்கும். நீட்டுக் கைப்பிடியை முழங்கையால அமுக்குனாலே திறக்கும். மேலயும் கீழயும் தாழ்ப்பாள் போடுறது நமக்குப் பழக்கம். புகையில குனிஞ்சு கீழ்த்தாழை யார் தேடுவா? கூட்டம் சேர்ற இடம்னா ‘பேனிக் பார்’ கேட்டு வாங்குங்க. குறுக்குக் கம்பியை இடுப்பால தள்ளுனாலே கதவு வெளிப்பக்கம் திறந்துரும். விலை கொஞ்சம் கூடத்தான்.