மனப்பாடமாய்க் கொண்டுசென்ற செல்வம்

கோயமுத்தூரிலிருந்து மேற்கே செல்லும் இரயில் மதுக்கரையையும் எட்டிமடையையும் கடந்து வாளையாரை அடைகையில், மலைகள் நெருங்கி வருகின்றன; தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன. பிழைப்பு நாடி வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலர் இக்கணவாய் வழியே சென்றவர்களே. இதற்கப்பால், பாலக்காட்டுச் சீமையின் சிற்றூர் ஒன்றில் 1910ஆம் ஆண்டில் பிறந்த ஏக்நாத் ஈசுவரனைப் பற்றி இன்று சிறிது பேசுவோம். ஏக்நாத் என்பது மராட்டியப் பெயர் போல ஒலிப்பினும், அது அவருடைய குடும்பப் பெயரேயாகும்.

அவர் தம் ஞானாசிரியராகப் போற்றியது எந்த மடாதிபதியையும் அன்று. தம்மை வளர்த்த தாய்வழிப் பாட்டியையே. திருச்சூரில் கல்லூரிக் கல்வி முடித்து, நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியரானார். பத்திரிகைகளில் எழுதினார், அகில இந்திய வானொலியிலும் இலக்கியம் குறித்துப் பேசினார். புகழும் பதவியும் கைகூடியிருந்த அந்நாளில் பாட்டியார் மறைந்தார். அதுவரை இனித்தவையெல்லாம் சுவையற்றுப் போயின. அப்போது அவருக்குத் துணை நின்றது, முன்பே மனப்பாடமாயிருந்த கீதையின் வரிகள்.

அதுவே அவருடைய தியான முறையாயிற்று. காலையில் அரைமணி நேரம் கண்களை மூடி அமர்ந்து, நெஞ்சில் பதிந்த அருள்மொழிப் பகுதி ஒன்றைச் சொல் சொல்லாக, மெல்ல, மனத்துள் ஓதவேண்டும். மனம் அறவே நழுவி ஓடிவிட்டால் பகுதியின் தொடக்கத்துக்கே திரும்பவேண்டும். கீதையாயினும் சரி, அசிசியின் பிரான்சிஸ் பெயரால் வழங்கும் பிரார்த்தனையாயினும் சரி, அவருக்குப் பேதமில்லை.

1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். 1961இல் பெர்க்கிலி நகரில் ஒரு தியான நிலையத்தை நிறுவி, நமது நீலகிரியின் பெயரையே அதற்குச் சூட்டினார். பின்னர் எழுந்த பதிப்பகமும் நீலகிரிப் பதிப்பகமே! 1968இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய தியான வகுப்பு, மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் பாடமாக ஏற்ற முதல் தியான வகுப்புகளுள் ஒன்று. கீதை, உபநிடதங்கள், தம்மபதம் ஆகியவற்றை எளிய ஆங்கிலத்தில் பெயர்த்தார். காவி உடுத்தாமல், இல்லறத்திலேயே இருந்து, 1999இல் மறைந்தார்.

மனப்பாடம் என்றாலே நமக்குப் பள்ளிக்கூடப் பிரம்புதான் நினைவுக்கு வருகிறது. பொருளறியாது ஒப்புவித்த வேதனையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் பெட்டியிலும் படுக்கையிலும் ஏற்ற இயலாததை நாம் எதில் ஏற்றிக்கொண்டு வந்தோம்? நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துப் புலப்படுவதில்லை. செவி மட்டும் இன்னும் நம்மோடிருக்கிறது. இப்பேச்சை ஆயத்தம் செய்கையில் நாமும் ஒருநாள் விடியலில் அமர்ந்து பார்த்தோம். பாட்டி சொல்லித் தந்த பாடலில் இரண்டு அடிகளே வந்தன. மூன்றாவது அடியைக் கேட்டு ஊரிலுள்ள தமக்கையாருக்கு எழுதியிருக்கிறோம்.